பறித்த கையோடு

பொங்கலன்று விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் இறங்கினேன். மணி ஐந்தரைதான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தை மாதம் என்றால் நடுக்கோடை, அந்நேரத்துக்கே வெயில் மாமரத்து உச்சியில் ஏறிவிட்டிருக்கும், கழுத்தில் வியர்வை கசகசக்கும். ராத்திரி பெய்த மழையில் பாத்தியெல்லாம் ஈரம். கத்திரிக்காய் பதினொன்று, வெண்டைக்காய் இரண்டு கை நிறைய, நீளமாக ஒரு புடலங்காய், பழுத்ததும் செங்காயுமாகத் தக்காளி, பரங்கிக் கொடியில் ஒரு பிஞ்சு, வேலியோரம் தானாக முளைத்த தண்டுக்கீரை ஒரு கட்டு. அரை மணி நேரத்தில் கூடை நிறைந்துவிட்டது. ஏழரை மணிக்குப் பானை பொங்கும்போது பக்கத்து அடுப்பில் அத்தனை காயும் ஒரே குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கரும்புக்கு இந்த ஊரில் பஞ்சமே கிடையாது, அதற்காகத்தானே நம் ஆட்களை இங்கே கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழம்பின் ருசியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மண், எரு, விதை, கைப்பக்குவம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், எனக்குத் தெரிந்து முதல் காரணம் ஒன்றுதான். செடியை விட்டு வந்த காய் இரண்டு மணி நேரத்துக்குள் சட்டிக்குப் போய்விட்டது. எங்கள் பாத்திக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருபது அடி தூரம். அந்த இருபது அடிதான் ருசி என்று பதிமூன்று வருடத் தோட்ட அனுபவத்துக்குப் பிறகு உறுதியாகச் சொல்வேன்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கணவரின் வேலைக்காக 2011இல் இங்கே வந்தோம், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு மேட்டுச் சரிவில் வீடு. வந்த புதிதில் கொல்லையில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு லிச்சி மரம், அவற்றுக்குக் கீழே ஒரு அங்குல இடம்கூட விடாமல் காய்கறி. அதற்கு நடுவே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு வயதான அம்மா நிற்பார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஆயா என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், பாட்டிக்கு ஆச்சி. இங்கே வந்தவர்களில் நிறையப் பேர் வட ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்கள், அந்தப் பேச்சில் பாட்டி என்றால் ஆயா. வாய்க்கு அது பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

முதல் நாள் வேலி வழியாக ஒரு கத்திரிக்காயைக் கொடுத்து, "இன்னிக்கே ஆக்கிடு கண்ணு, நாளைக்கு வெச்சா வேற காய்" என்றார். நான் அன்று ஆக்கவில்லை. மறுநாள் வதக்கினேன், நன்றாகத்தான் இருந்தது, போய்ச் சொன்னேன். ஆயா பதில் பேசாமல் உள்ளே போய் இன்னொரு காயைப் பறித்து வந்து, "இப்பவே போ" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது. தோல் கத்திக்குக் கீறென்று பிளந்தது, உள்ளே வெள்ளை வெளேரென்று சதை, விதை இருக்கிற இடமே தெரியவில்லை, எண்ணெயில் போட்ட ஐந்தாவது நிமிடம் வெண்ணெய் மாதிரி குழைந்துவிட்டது. முந்தின நாள் காயில் இருந்த கசப்பு இதில் துளிகூட இல்லை.

ஆயாவின் அப்பா டர்பனிலேயே கேட்டோ மேனர் என்ற பகுதியில் தோட்டம் வைத்திருந்தவர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற இந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கரும்புத் தோட்டம்தான். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்த பிறகு, திரும்பிப் போகாதவர்கள் பலரும் நகரத்தை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். டர்பன் நகரத்துக்குத் தினமும் காய் கொடுத்தது அந்தத் தோட்டங்கள்தான். ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, தலையில் கூடையோடு அப்பாவுக்குப் பின்னால் வார்விக் பக்கத்து மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். கீரைக்கட்டு வாடிவிடாமல் இருக்க ஈரச் சாக்கைப் போர்த்தி எடுத்துப் போவார்களாம். அப்புறம் 1950இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரிக்கிற குழுப் பகுதிச் சட்டம் வந்தது, கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று ஒதுக்கப்பட்டது. அறுபதுகளில் இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி, புதிதாகக் கட்டிய இந்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். தோட்டம் போனது, ஆயாவின் அப்பா ஒரு தகர டப்பாவில் விதையை மட்டும் முடிந்து எடுத்துவந்தார். இந்தச் சின்னக் கொல்லையில் அத்தனையும் அந்த டப்பாவிலிருந்து முளைத்ததுதான் என்று ஆயா சொல்லும்போது குரலில் சோகம் இருக்காது, பெருமைதான் இருக்கும்.

அந்த மார்க்கெட் இன்னும் இருக்கிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னால் அதை எடுத்துவிட்டு ஒரு மால் கட்டுவதாகப் பேச்சு வந்து, வியாபாரிகள் போராடி நிறுத்தினார்கள். நானும் மாதம் ஒருமுறை போவேன். காட்ரா பீன்ஸ், மடும்பி என்று இங்கே சொல்கிற சேப்பங்கிழங்கு, மூட்டை மூட்டையாகப் பச்சை மிளகாய். ஆனால் என்ன ஆனாலும் தக்காளியும் வெண்டைக்காயும் மட்டும் அங்கே வாங்க மாட்டேன்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். முதல் வருடம் அப்படியே ஆடியில் வெண்டையைப் போட்டேன். ஆடி இங்கே குளிர்காலம், மழையும் இருக்காது. டர்பன் கடற்கரையில் உறைபனி விழாது என்றாலும் வெண்டைக்கும் புடலைக்கும் மண்ணில் அந்தச் சூடு போதாது. மூன்று வாரம் கழித்து நோண்டிப் பார்த்தால் விதை ஊறி அழுகிப் போயிருந்தது. ஆயாவிடம் போய் நின்றபோது அவர் சொன்னது, "நம்ம ஊரு ஆடி அது. இங்க புரட்டாசி." சரி, அதிலிருந்து புரட்டாசிதான் எனக்கும் பட்டம். இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் புரட்டாசி ரொம்பப் பெரிய மாதம், வருடம் முழுக்கக் கறி மீன் இல்லாமல் சாப்பாட்டில் கை வைக்காத வீடுகளில்கூட அந்த ஒரு மாதம் சைவம்தான். பித்தளைப் பாத்திரமெல்லாம் தேய்த்து, வீட்டைக் கழுவி, விளக்கேற்றி, சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்து முடித்த கையோடு ஆயா கொல்லையில் இறங்கி விதை ஊன்றுவார். வசந்தம் தொடங்கியிருக்கும், முதல் மழை ஒன்றிரண்டு பெய்திருக்கும், காலை மண்ணில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். அந்தச் சூட்டைக் காலால் பார்த்துத்தான் ஆயா நாள் குறிப்பார்.

மாதம் மட்டுமல்ல, திசையும் மாறிப்போயிருந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலான மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டர்பன் மகர ரேகைக்கும் தெற்கே இருப்பதால் வருடம் முழுக்க நண்பகல் சூரியன் வடக்கில்தான். இது தெரியாமல் புடலைக்கும் பாகலுக்கும் வடக்கு ஓரமாக உயரமான பந்தல் போட்டேன். கொடி ஏறியதும் அதன் நிழல் தக்காளிப் பாத்தியில் விழுந்து, செடிகள் வெளிச்சம் தேடி ஒல்லியாக வளர்ந்து ஒடிந்தே போயின. அடுத்த வருடம் பந்தலைத் தெற்கு வேலிக்கு மாற்றினேன். இப்போது வடக்கிலிருந்து தெற்காகப் படிப்படியாக உயரம்: முதலில் கீரை, பிறகு கத்திரி, வெண்டை, கடைசியில் பந்தல். சரிவு நிலம் என்பதால் கோடை மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும், அதனால் சரிவுக்குக் குறுக்கே கரை கட்டி, வெட்டிய புல்லை மூடாக்காகப் போட்டிருக்கிறேன்.

தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செடியைத் தொட்டாலே விரலில் ஒரு பச்சைப் பிசின் ஒட்டும், காய்ந்தால் கறுத்துவிடும், சோப்புப் போட்டுக் கழுவினால் தண்ணீர் மஞ்சள் பச்சையாக ஓடும். அந்த வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும், கழுவாமலே சிறிது நேரம் கையை முகர்ந்துகொண்டிருப்பேன். வெயிலில் பழுத்ததைச் சூடு ஆறுவதற்கு முன்பே அங்கேயே நின்று கடித்தால் சாறு முழங்கைவரை வழியும். கல் உப்பு இரண்டு பரலைப் பாவாடை முடிச்சில் எடுத்துப்போவது என் வழக்கம். கடைத் தக்காளிக்கு இந்த ருசி ஏன் இல்லை என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. இந்த நாட்டில் தக்காளி அதிகம் விளைவது லிம்போபோ மாகாணத்தில். அங்கிருந்து 800, 900 கிலோமீட்டர் லாரியில் வர வேண்டுமென்றால் தோல் தடித்த ரகமாக இருக்க வேண்டும், கெட்டியாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும், குளிரில் வைத்தாக வேண்டும். குளிர்தான் தக்காளிக்கு எதிரி. பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் வாசனையை உண்டாக்குகிற வேலையை அது நிறுத்திக்கொள்கிறது, பிறகு வெளியில் எடுத்து வைத்தாலும் முழுதாகத் திரும்பாது. நிறம் வரும், புளிப்பும் இனிப்பும் இருக்கும், மணம் இருக்காது. நாக்கு அறிகிற தக்காளி ருசியில் பாதி மூக்கில் இருக்கிறது. வீட்டுத் தக்காளியைத் தயவுசெய்து யாரும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

சோளக்கதிரும் அப்படித்தான். இங்கே எல்லோரும் மீலீஸ் என்பார்கள். பறித்த நிமிடத்திலிருந்து கதிரில் இருக்கிற சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும், வெக்கை அதிகமானால் அது இன்னும் வேகம் பிடிக்கும். அதனால் ஆயா வீட்டில் வரிசை தலைகீழ். முதலில் அண்டாவில் தண்ணீர் கொதிக்க வேண்டும், உப்புப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் பேரன் கொல்லைக்கு ஓடிப்போய்க் கதிரை ஒடித்து வருவான். மேல்மட்டையை உரித்துக்கொண்டே நடந்து வந்து நேராகத் தண்ணீருக்குள். பல் வைத்ததும் மணி உடைந்து பால் தெறிக்கும். டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகள் அத்தனை பேரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே வயிறு நிறையும்.

வெண்டைக்கு ஒரு நாள் என்பது ரொம்பப் பெரிய விஷயம். மஞ்சள் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும், அதிலிருந்து நான்கைந்து நாளில் காய் தயார். ஆறாம் நாள் பார்த்தால் நார் பாய்ந்திருக்கும். நுனியை ஒடித்தால் டப்பென்று முறிய வேண்டும், வளைந்தால் அது விதைக்குத்தான். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், பறிக்கப் பறிக்கத்தான் செடியும் காய்க்கும். முழுக்கைச் சட்டை போடாமல் நுழைந்தால் அந்தச் சுணை கை முழுக்க அரிக்கும். ஆனால் பறித்த கையோடு துடைத்து, வெயிலில் பத்து நிமிடம் உலர்த்தி, நறுக்கி, இரும்புச் சட்டியில் கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து மூடாமல் வதக்கிப் பாருங்கள். கொழகொழப்பு இல்லாமல், ஓரம் முறுகி, பச்சை மாறாமல் வரும். எங்கள் வீட்டில் பருப்புச் சோற்றுக்கு இது இருந்தால் வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

கொடிகளோடு எனக்கு இன்னொரு பிரியம் உண்டு, அது சாயங்கால வேலை. புடலைப் பூ இருட்டத் தொடங்கியதும் விரியும், வெள்ளை இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து சரிகைக் குஞ்சம் மாதிரி தொங்கும். சுரைப்பூவும் அந்நேரம்தான். எங்கள் தெருவில் விளக்கு அதிகம், இரவுப் பூச்சிகள் வருவது குறைவு, பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தன. அதனால் டார்ச்சோடு போய் ஆண் பூவைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, கீழே குட்டிச் சுரைக்காயோடு நிற்கிற பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்ப்பேன். மூன்று நாளில் பிஞ்சு பளபளப்பாக ஊதத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பழைய துணிப் பை ஒன்றைப் பிஞ்சுக்கு மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பழ ஈ குத்தி முட்டை வைத்துவிடும், காய் குத்தின இடத்தில் கோணி உள்ளே புழு வைக்கும். புடலைக்கு நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும். இதெல்லாம் தினமும் பத்து நிமிட வேலைதான், ஆனால் ஒவ்வொரு காயையும் பிறந்த நாளிலிருந்து தெரிந்துவைத்திருப்பதில் இருக்கிற சந்தோஷம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் டர்பன் தோட்டத்தைப் பற்றி எழுத முடியாது. கறுத்த முகமும் சாம்பல் உடம்புமாக வெர்வெட் குரங்குகள், பதினைந்து இருபது சேர்ந்து கூரை மேல் நடந்து வரும். மூன்றாவது வருடம் ஒரே காலையில் பாத்தி முழுக்கத் தக்காளியையும் ஒரு கடி கடித்து எறிந்துவிட்டுப் போயின, நான் உட்கார்ந்து அழுதேன். ஆயா கல்லெறிய விட மாட்டார், ஆஞ்சநேயர் என்பார். அதோடு நாம் வீடு கட்டியது அவற்றின் காட்டில் என்பதும் உண்மைதானே. அவர் சொல்லிக்கொடுத்த வழி, தக்காளியின் அடியில் லேசாகச் சிவப்பு தெரிந்ததுமே பறித்துவிடுவது. அந்தக் கட்டத்தில் பழுப்பது உள்ளே தொடங்கிவிட்டிருக்கும், கூடத்து அலமாரியில் மூன்று நாள் வைத்தால் செடியில் பழுத்ததற்கு ஏறக்குறைய அதே ருசி வரும், குளிரில் வைக்காமல் இருந்தால் போதும். நின்றபடி கடிப்பதற்கு மட்டும் வலைக்குள் நான்கு செடி வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் எல்லாம் ஒரே சமயத்தில் காய்க்கும். அப்போது தக்காளிச் சட்னி. ஊரில் நாம் அரைக்கிற சட்னி இல்லை இது, இந்த ஊர்ச் சட்னி. எண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம், பூண்டு, மேலே ஒரு கிலோ தக்காளியைப் பிசைந்து போட்டு எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் விட வேண்டும். ஆயா அதில் வேகவைத்த முட்டையைப் போடுவார். பிரெட்டைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட்டால் மதியச் சாப்பாடு முடிந்தது. 2022, 2023இல் தினமும் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தபோது ஃபிரிட்ஜை நம்பி எதுவும் வாங்க முடியவில்லை. கேஸ் அடுப்பில் இந்தச் சட்னி, கொல்லையில் அன்றன்று வேண்டியது மட்டும். அந்த இரண்டு கோடையும் எங்கள் தெருவில் யாரும் காயை வீணாக்கவில்லை, வேலிக்கு மேலே கிண்ணங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. மிஞ்சினதை உப்பும் மிளகாயும் போட்டு ஊறுகாய், அதுவும் மிஞ்சினால் கோயிலுக்கு.

இத்தனை இருந்தும் என் பொங்கல் குழம்பில் ஒன்று எப்போதும் குறையும், அவரை. ஊரில் தையில் அவரையும் மொச்சையும் இல்லாமல் பொங்கலே கிடையாது. ஆயாவின் தகர டப்பாவில் ஊதா விளிம்பு வைத்த ஒரு பழைய அவரை இருக்கிறது, எனக்கும் எட்டு விதை கொடுத்தார். புரட்டாசியில் ஊன்றினேன், மார்கழிக்குள் பந்தலை மூடி வேலியைத் தாண்டி லிச்சி மரத்தையே பிடித்துவிட்டது, ஒரு பூகூட இல்லை. எருவைக் குறைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன், நுனியைக் கிள்ளினேன். பிறகுதான் விளங்கியது. பழைய அவரை ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஊரில் பகல் குறுகுவது ஐப்பசி, கார்த்திகையில், அதனால் தைக்குக் காய். இங்கே மார்கழியில்தான் பகல் மிக நீளம், பதினான்கு மணி நேரம் வெளிச்சம். அது குறுகிப் பன்னிரண்டுக்கு வருவது பங்குனியில். ஆகவே டர்பனில் அவரைக்குப் பூக்காலம் சித்திரை, காய்க்காலம் வைகாசி, ஆனி. நூற்று ஐம்பது வருடம் இந்த மண்ணில் இருந்தும் அந்த விதை நம் காலண்டரைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்துத்தான் நடக்கிறது.

இப்போது மாசி முடியப்போகிறது. தக்காளிச் செடிகள் மழையில் இலை கருகிப் பாதியாகிவிட்டன, நாலைந்தைப் பிடுங்கிவிட்டேன். வெண்டை மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே போய், காயைப் பறிக்கக் கிளையை வளைக்க வேண்டியிருக்கிறது. நேற்று சாயங்காலம் ஆயா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அவரைப் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது, இப்போதெல்லாம் சரிவில் இறங்குவதில்லை.

"நுனியைப் பாரு கண்ணு, ஏதாச்சும் தெரியுதா?"

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். இலைக்கணுவில் ஒரு இடத்தில், கடுகளவுக்கு, ஊதாவா பச்சையா என்று சொல்ல முடியாத முடிச்சு ஒன்று இருந்தது. இலை மொட்டாகவும் இருக்கலாம்.

"தெரியல ஆயா. அடுத்த வாரம் ஏறிப் பார்க்கிறேன்."

"பாரு. சட்டிய நான் வெக்கிறேன்" என்றார்.